பாடத்திற்கு முன்னொரு பாடம்

போடிநாயக்கனூரில் ஏலம் என்னும் சொல் இரண்டு பொருள்களில் வழங்குகின்றது. மலையில் விளையும் நறுமணக் காயும் ஏலம். அதனை விற்கும் முறையும் ஏலம். அங்குள்ள மின்னணு ஏல மையத்தில் வணிகர்கள் கணினித் திரைகளின்முன் அமர்ந்திருப்பர். தமக்குத் தரப்பட்ட மாதிரிக் காய்களை உள்ளங்கையில் கொட்டி, பருமனையும் பச்சை நிறத்தையும் நோக்கி, ஒன்றிரண்டை உடைத்து முகர்ந்து தரத்தை முடிவுசெய்வர். பின்னர்க் கண் திரைக்கும் விரல் விசைக்கும் சென்றுவிடும். காயின் தரத்தை அறிவது பல ஆண்டுப் பழக்கத்தால் வரும் அறிவு. திரையில் ஏறும் விலையைக் கண்டு உரிய நொடியில் விசையை அழுத்துவது வேறோர் அறிவு. முன்னதில் எத்துணை வல்லவராயினும் பின்னது கைவராத வணிகர் அங்கே ஒரு மூட்டையையும் வாங்க இயலாது.

இணையவழிக் கல்லூரிப் படிப்பும் இத்தகையதே. வரலாறோ வணிகவியலோ இயற்பியலோ, மாணவர் சேர்ந்த பாடம் எதுவாயினும் அதனுடன் மற்றொரு பாடமும் ஒட்டிக்கொண்டே வருகின்றது. கோப்பினை உருவாக்குதல், பெயரிடுதல், அளவைக் குறைத்தல், பதிவேற்றுதல், மின்னஞ்சலில் இணைத்தல், கடவுச்சொல்லைக் காத்தல் ஆகியன அந்த இரண்டாம் பாடத்தின் உள்ளடக்கம். இதற்குப் பாடத்திட்டம் இல்லை, பாடநூல் இல்லை, கற்பிக்க ஒதுக்கிய வேளையும் இல்லை. தேர்வு மட்டும் உண்டு. இரண்டாம் பாடத்தில் தவறியவரை முதற்பாடத்தில் தவறியவராகவே மதிப்பெண் பட்டியல் காட்டும்.

பள்ளத்தாக்கில் வகுப்பறை மூடிய காலம்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என நீண்டு தேனியை நோக்கி விரிவது கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாற்று நீரால் நெல்லும் வாழையும் தென்னையும் பன்னீர்த் திராட்சையும் செழிக்கும் நிலம் அது. குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு ஆகிய மலைவழிகளில் ஜீப்பேறிச் சென்று, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் வேலைசெய்து மாலையில் திரும்பும் குடும்பங்கள் இங்கு ஏராளம். உத்தமபாளையத்தில் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, போடியில் ஏல விவசாயிகள் பொருளீந்து உருவாக்கிய சங்கக் கல்லூரி, பெரியகுளத்து ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி போன்றவை அக்குடும்பங்களிலிருந்து முதல் பட்டதாரிகளை உருவாக்கி வந்துள்ளன.

2020 மார்ச் மாதத்தில் கொரோனா பெருந்தொற்றின் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் இறுதியாண்டு இளநிலை மாணவர்களுக்கு அவை மீண்டும் திறந்தபோது அவ்வாண்டு டிசம்பர் ஆகிவிட்டது. ஏனையோருக்கு 2021 பிப்ரவரி. திறந்த சில வாரங்களில் இரண்டாம் அலை வந்து மீண்டும் கதவடைத்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் வகுப்பறை திறன்பேசிக்குள் நடந்தது.

அந்நாளில் பெரிதும் பேசப்பட்டவை இரண்டு. ஒன்று, அலைவரிசை கிட்டாமை. மலையடிவாரச் சிற்றூர்களில் மாணவர் மொட்டைமாடிக்கும் மேட்டு நிலத்துக்கும் ஏறிச்சென்றனர். மற்றொன்று, இணையத் தரவுக்கான செலவு. இதற்குத் தமிழ்நாடு அரசு 2021 ஜனவரியில் ஒரு தீர்வை அறிவித்தது. 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு, நாளொன்றுக்கு 2 ஜி.பி. வீதம் ஏப்ரல் வரை விலையில்லாத் தரவு அட்டை வழங்கப்படும் என்பதே அவ்வறிவிப்பு. தேவையான உதவிதான். ஆயினும் அட்டையைப் பொருத்தியபின் செய்யவேண்டியதை அட்டை கற்றுத்தராது. இந்த மூன்றாம் இடர்ப்பாடு அக்காலத்தில் மிகக் குறைவாகவே பேசப்பட்டது. அலைவரிசை இல்லை என்பதைக் கூசாமல் சொல்லலாம். தனக்குத் தெரியவில்லை என்பதைச் சொல்லக் கூச்சம் தடுத்தது ஒரு காரணமாகலாம்.

ஒரு விடைத்தாளின் பயணம்

2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பருவத்தேர்வுகள் இணையவழியில் நடைபெற்றன. மாணவர் வீட்டிலிருந்தே தாளில் விடை எழுத வேண்டும். எழுதி முடித்தபின் பக்கங்களைப் படியெடுத்து, ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கி, குறித்த நேரத்துக்குள் பதிவேற்ற வேண்டும். சொல்லும்போது இது ஒற்றை வாக்கியம். செய்யும்போது எத்தனை படிகள் என்பதை அறிய, சின்னமனூரை அடுத்த ஒரு சிற்றூரில் இளங்கலை வரலாறு பயிலும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம்.

அவள் முப்பது பக்கங்கள் எழுதியிருக்கிறாள். விடைகள் அனைத்தும் சரியானவை என்றே வைத்துக்கொள்ளலாம். இனி ஒவ்வொரு பக்கத்தையும் நிழல் விழாமல், கோணல் இல்லாமல் படமெடுக்க வேண்டும். குனிந்து எடுத்தால் அவளது தலையின் நிழலே தாளின்மீது விழும். சாளரத்தருகே பக்கவாட்டில் ஒளி வருமாறு தாளை வைத்தால் விழாது. இதனை அவளுக்கு எவரும் சொன்னதில்லை. முப்பது படங்களும் திறன்பேசியின் படத்தொகுப்பில் முந்தைய நாள் எடுத்த வேறு படங்களோடு கலந்து கிடக்கின்றன. அவற்றை வரிசை மாறாமல் தேர்ந்தெடுத்து ஒரே கோப்பாக்க ஒரு செயலி வேண்டும்.

செயலியிலும் ஒரு சிக்கல் நேர்ந்திருந்தது. தாள்களைப் படியெடுக்க மாணவர் பரவலாகப் பயன்படுத்தியது கேம்ஸ்கேனர். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள் அதுவும் ஒன்று. ஒரு செயலியின் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்திருந்தோர் மீண்டும் தொடக்கத்திலிருந்து பழக வேண்டியதாயிற்று. பல படங்களை ஒரு கோப்பாக்குவது என்றால் என்ன என்பதை விளங்கிக்கொண்டவருக்கு எந்தச் செயலியாயினும் ஒன்றே. கருவியைப் பழகுவதற்கும் கருத்தை அறிவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தத் தடை எதிர்பாராமல் வெளிப்படுத்திவிட்டது.

கோப்பு உருவாகிவிட்டது. இக்காலத் திறன்பேசியில் எடுக்கும் ஒரு படம் மூன்று, நான்கு எம்.பி. அளவு இருக்கும். முப்பது படங்கள் சேர்ந்தால் நூறு எம்.பி.யைத் தொடும். பதிவேற்றும் தளமோ அதனினும் மிகச் சிறிய கோப்பையே ஏற்கும். 'அளவு மிகுந்துவிட்டது' என்னும் செய்தி ஆங்கிலத்தில் தோன்றுகின்றது. அதனை இணைப்புக் கோளாறு என்று கருதி அவள் மீண்டும் மீண்டும் முயல்கிறாள். ஒவ்வொரு முயற்சிக்கும் சில நிமிடங்கள் கரைகின்றன. கோப்பைச் சுருக்கலாம் என்பதும், படமெடுக்கும்போதே தெளிவின் அளவைக் குறைத்திருக்கலாம் என்பதும் அவள் அறியாதவை. கோப்பின் பெயராகப் பதிவெண்ணும் பாடக் குறியீடும் இருக்க வேண்டும் என்பதோ, அறிவுறுத்தல் தாளில் அவள் படித்துவிட்டு மறந்த வரி. கோப்புக்குச் செயலி தானாகவே ஒரு நீண்ட பெயரைச் சூட்டியிருக்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமையே இடர்ப்பாட்டின் வேர்.

திறன்பேசி மறைத்துவைப்பவை

கணினியில் பழகியவர் மனத்தில் ஒரு வீட்டின் அமைப்பு இருக்கும். பெட்டிக்குள் பெட்டி போலக் கோப்புறைக்குள் கோப்புறை, அதனுள் கோப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. திறன்பேசி இவ்வமைப்பை வேண்டுமென்றே பயனரின் பார்வையிலிருந்து விலக்கி வைக்கின்றது. படம் பார்க்கப் படத்தொகுப்பு, பாட்டுக் கேட்க ஒரு செயலி, வந்த செய்தியைக் காண மற்றொன்று. பொருள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றது என்னும் கேள்வியே எழாமல் எல்லாம் கைக்கு எட்டிவிடுகின்றன. அன்றாடப் பயன்பாட்டிற்கு இது பெரும் வசதி. ஆனால் பத்து ஆண்டுகள் திறன்பேசியைப் பயன்படுத்தியவரும் கோப்பு, கோப்புறை என்னும் கருத்தை ஒருமுறையேனும் எதிர்கொள்ளாமல் இருந்துவிட முடிகின்றது.

வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்புவதையும் இதற்குச் சான்றாகக் காட்டலாம். படமாக அனுப்பினால் அச்செயலி அதனைச் சுருக்கியே அனுப்பும், எழுத்துகள் மங்கும். அதே படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருங்காது. இரண்டும் ஒரே திரையில் ஒரு விரல் தொலைவில் உள்ளவை. ஆசிரியருக்கு அனுப்பிய ஒப்படைப்பு படிக்க முடியாதபடி இருந்ததற்கு மாணவரின் கையெழுத்தைக் குறைகூறியோர், இந்த ஒரு விரல் தொலைவை அறிந்திருக்கவில்லை.

2022-23ஆம் ஆண்டில் இந்தியத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய விரிவான ஆண்டுக் கூறாய்வு இதனை எண்களில் காட்டுகின்றது. 15 முதல் 29 வயது வரையுள்ளோரில் 78.4 விழுக்காட்டினர் கோப்பிணைத்துச் செய்தி அனுப்ப வல்லவர். படியெடுத்து ஒட்டும் வசதியைக் கையாள்வோர் 71.2 விழுக்காட்டினர். ஆனால் இணையத்தில் தகவல் தேடுதல், மின்னஞ்சல் அனுப்புதல், இணையவழி வங்கிப் பணி ஆகியவற்றைச் செய்ய வல்லவரோ 26.8 விழுக்காட்டினரே. செய்தியில் ஒரு படத்தை இணைத்து நண்பருக்கு அனுப்புவதும் அலுவல் முறையில் ஒரு மின்னஞ்சல் எழுதுவதும் வெவ்வேறு திறன்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பெருந்தொற்றுக்கு முன், 2017-18இல் எடுத்த கல்விக் கணக்கெடுப்பின்படி, இந்திய ஊரகக் குடும்பங்களில் கணினி இருந்தவை 4.4 விழுக்காடு மட்டுமே; நகரங்களில் 23.4 விழுக்காடு.

அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி 2001இல் ஒரு கட்டுரையில், மின்னணுக் கருவிகளோடு பிறந்து வளரும் தலைமுறையினரை அவ்வுலகின் பிறவிக் குடிமக்கள் என்றும், பிற்காலத்தில் அவற்றைப் பழகிய மூத்தோரைக் குடியேறியவர் என்றும் பிரித்தார். உலகெங்கும் அந்தச் சொற்கள் பரவின. இளையோர் என்றாலே கருவிகளில் வல்லவர் என்னும் எண்ணமும் உடன் பரவியது. ஆனால் 2018இல் பல நாடுகளின் எட்டாம் வகுப்பு மாணவரிடையே நடத்தப்பெற்ற கணினி, தகவல் எழுத்தறிவு பற்றிய பன்னாட்டு ஆய்வு, கருவிகளோடு வளர்வதனால் மட்டும் இத்திறன்கள் தாமாக வந்துவிடுவதில்லை என்றே கண்டறிந்தது. மிக உயர்ந்த நிலையை எட்டியோர் நூற்றுக்கு இருவரே. ஆற்றங்கரையில் பிறந்த குழந்தைக்கும் நீச்சலைப் பழக்கத்தான் வேண்டும் என்பதைச் சுருளியாற்றுக் கரையினருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பிறர் கையில் கடவுச்சொல்

கற்றுத்தரப்படாத ஒரு திறனைச் சமூகம் எவ்வாறு ஈடுசெய்கின்றது என்பதைக் காண, கம்பம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளையும் பிரவுசிங் சென்டர்களையும் நோக்கலாம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு 2018ஆம் ஆண்டு முதல் இணையவழிக்கு மாறியது. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கான விண்ணப்பமும் பின்னர் இணையவழியாயிற்று. தந்தையோடு சென்னைக்குப் பேருந்தேறிய பயணம் இல்லாது போனது பெரும் நன்மை. அதற்கு மாற்றாக மாணவர் சென்று நிற்கும் இடம் இந்தக் கடைகளே. விண்ணப்பம், கல்வி உதவித்தொகை, சான்றிதழ் என எதுவாயினும் கடைக்காரர் வேகமாகத் தட்டெழுதி முடித்துத் தருவார். கட்டணமும் பெரிதன்று. அவர்களது உதவி இல்லையேல் பலர் கல்லூரி வாயிலையே மிதித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த உதவிக்குள் ஓர் இழப்பும் ஒளிந்திருக்கின்றது. மாணவரின் பெயரில் மின்னஞ்சல் முகவரியைத் தொடங்குபவர் கடைக்காரர். கடவுச்சொல்லை இடுபவரும் அவரே. சில வேளைகளில் அவசரத்தில் தமது கைப்பேசி எண்ணையே பதிந்துவிடுவதும் உண்டு. ஈராண்டுகள் கழித்துக் கல்லூரி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல், வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருக்கு வாராமல், கம்பத்தில் கடையில் இருப்பவருக்குச் செல்கின்றது. கடை இடம்மாறியிருந்தால் அதுவும் இல்லை. தன் மின்னஞ்சலுக்குள் தானே நுழைய இயலாத மாணவர், இணையவழிப் படிப்பின் முதற்படியிலேயே நின்றுவிடுகிறார்.

இணையவழிப் படிப்போ மின்னஞ்சலையே நம்பி நடக்கின்றது. மத்திய அரசு 2017இல் தொடங்கிய ஸ்வயம் தளத்தையும் அதன்வழி நடைபெறும் என்.பி.டி.இ.எல். படிப்புகளையும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பருவத்தில் பயிலும் பாடங்களில் 20 விழுக்காடு வரை இவ்வழியில் பயிலலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் விதிசெய்தது; 2021இல் அது 40 விழுக்காடாக உயர்ந்தது. பன்னிரண்டு வாரப் படிப்பில் வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. அவற்றின் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண். மையத்திற்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75. படிப்பில் சேரக் கட்டணமில்லை. தேர்வுக்கோ தனியே பதிவுசெய்து கட்டணம் செலுத்த வேண்டும். அதற்கான நாள் மின்னஞ்சலில்தான் அறிவிக்கப்படும். எல்லா ஒப்படைப்புகளையும் முடித்தும் தேர்வுப் பதிவைத் தவறவிட்டவருக்குச் சான்றிதழ் கிடைக்காது. பாடத்தைப் படிப்பது ஒன்று. பாடம் நடைபெறும் முறையை அறிவிப்புகளிலிருந்து படித்தறிவது மற்றொன்று. வகுப்பறையில் இந்த இரண்டாவதை, 'நாளை கடைசி நாள்' என்று உரக்கக் கூறிச் செல்லும் ஆசிரியரே நிறைவேற்றிவிடுவார். தளத்தில் அவ்வாறு கூற எவருமில்லை.

கண்காணிக்கும் மென்பொருள் தொடர்பாக நேர்ந்ததும் இங்கு எண்ணத்தக்கது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2020 நவம்பர்-டிசம்பர் பருவத்தேர்வு, 2021இன் தொடக்கத்தில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்புடன் இணையவழியில் நடைபெற்றது. முகம் திரையை விட்டு விலகினாலோ பிறர் குரல் கேட்டாலோ மென்பொருள் அதனைக் குறித்துக்கொள்ளும். தேர்வு முடிவுகள் வெளிவந்தபோது பலருடைய முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. எதிர்ப்பு எழுந்து, அவ்வாண்டு மே மாதத்தில் மறுதேர்வுக்கு வாய்ப்பளிப்பதாக அரசு அறிவித்தது. ஓர் அறையே வீடாக இருக்கும் குடும்பத்தில் பிறர் குரல் கேட்காமல் எங்ஙனம் தேர்வெழுதுவது என்பது வேறு வினா. மென்பொருள் எதைக் குற்றமெனக் கொள்ளும், கருவியை எங்கே வைக்க வேண்டும், இணைப்பு அறுந்தால் என்செய்வது ஆகியவற்றை முன்கூட்டிப் பழகிப் பார்த்தோர் எத்தனை பேர் என்பதே இங்கு எழும் வினா.

எழுத்தும் எழுத்துருவும்

தமிழில் எழுத வேண்டிய மாணவருக்கு மேலும் ஓர் இடர் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் எழுந்த பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. ஆகவே 'அம்மா' என்று தட்டெழுதிய கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால், 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே தோன்றும். தட்டச்சு நிலையங்களில் இவ்வெழுத்துருக்கள் நெடுங்காலம் வழங்கிவந்தன. அங்கே காசு கொடுத்துத் தட்டெழுதி வாங்கிய ஒப்படைப்பைத் தளத்தில் ஏற்றிய மாணவர், தாம் எழுதிய ஒரு சொல்லும் இல்லாத கோப்பைத் தம் பெயரில் ஒப்படைத்தவராகிறார்.

தீர்வு முன்பே இருந்தது என்பதே இதில் வருந்தத்தக்கது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது. 2010இல் ஒருங்குறியை அரசு ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்த தமிழ்99 முறையைச் சில வாரப் பயிற்சியில் பழகிக்கொள்ளலாம். தமிழ் வழியில் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்றும் தமிழைத் தட்டெழுதும் முறையை ஒரு வேளையும் பழகாமல் கல்லூரிக்குள் நுழைவோர் பலர்.

கருவி வந்தது, வகுப்பு வரவில்லை

தமிழ்நாட்டில் கருவிக்குக் குறையிருந்தது என்று முழுமையாகச் சொல்ல இயலாது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் மடிக்கணினி பெற்றனர். உலகில் வேறெங்கும் எளிதில் காணவியலாத பெருந்திட்டம் அது. ஆயினும் வீட்டுக்கு வந்த மடிக்கணினியோடு அதனைக் கற்பிக்கும் வகுப்பு வரவில்லை. மேனிலை வகுப்பில் கணினி அறிவியலைத் தேர்ந்தோர் நிரலாக்கம் பயின்றனர். ஏனைய பிரிவினர் அதுவும் பயிலவில்லை. ஆறு முதல் பத்து வரையிலான அறிவியல் பாடநூல்களில் கணினி பற்றிய இயல் இறுதியில் இடம்பெற்றிருந்தது. ஆண்டின் இறுதியில் திருப்புதல் தேர்வுகளின் நெருக்கடியில் எந்த இயல் விரைந்து கடக்கப்படும் என்பதை மாணவர் அறிவர். பின்னர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தபோது பெருந்தொற்று நெருங்கிவிட்டது.

குமுளி மலைவழியின் உச்சியில் இருப்பது எல்லைக்கோடு ஒன்றே. அதற்கு அப்பால் கேரளம் வேறொரு வழியை மேற்கொண்டது. 2001ஆம் ஆண்டு அங்கு 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. 2017இல் அது கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. உயர்நிலை வகுப்புகளில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் எல்லா மாணவருக்கும் உரிய தனிப்பாடம். அதற்கெனப் பாடநூல் உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணினியின்முன் அமர்ந்து செய்துகாட்டும் தேர்வும் உண்டு. கட்டற்ற மென்பொருள்களையே பயன்படுத்துவதால் உரிமக் கட்டணச் சுமை இல்லை. இடுக்கி மாவட்டத்தின் தமிழ்வழிப் பள்ளிகளில் அதே பாடநூல் தமிழில் உள்ளது. தேனி மாவட்டத்திலிருந்து மலையேறி ஏலக்காய் பறிக்கச் செல்லும் தொழிலாளர், தம் பிள்ளைகளுக்கு வாய்க்காத ஒரு தமிழ்ப் பாடத்தைப் பயிலும் பிள்ளைகளின் பள்ளி வாயிலைக் கடந்துதான் செல்கின்றனர். கேரளத்திலும் பெருந்தொற்றுக் காலத்தில் கருவியில்லாத மாணவர் துயருற்றனர். தனிப்பாடம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதென்று கூறுவதற்கில்லை. ஆனால் கோப்பு என்றால் என்ன என்பதை ஆசிரியரிடம் கேட்கத்தக்க ஒரு வகுப்பு அங்கே அட்டவணையில் இருந்தது.

முதல் வாரத்தில் ஒரு பிற்பகல்

2025-26ஆம் ஆண்டுக்கான நிதிநிலை அறிக்கையில், ஈராண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கருவி மீண்டும் வருகின்றது. இம்முறை அதனோடு வரவேண்டிய வகுப்பு எத்துணைச் சிறியது என்பதை எண்ணினால் வியப்பே தோன்றும். இரண்டாம் பாடம் கடினமானதன்று. நிரலாக்கம் போல ஆண்டுக்கணக்கில் பயில வேண்டியதும் அன்று.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பிற்பகல் போதும். மாணவர் ஒவ்வொருவரும் தம் பெயரில், தம் கைப்பேசி எண்ணில் ஒரு மின்னஞ்சல் முகவரியை உறுதிசெய்துகொள்ளலாம். மூன்று பக்கம் கையால் எழுதி, சாளரத்தருகே வைத்துப் படமெடுத்து, ஒரே பி.டி.எஃப். ஆக்கி, அதன் அளவைப் பார்த்து, பாதியாகச் சுருக்கி, பதிவெண்ணைப் பெயராக இட்டு, அருகிலிருப்பவருக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம். பெற்றவர் அதனைத் திறந்து எல்லாப் பக்கங்களும் நேராக உள்ளனவா எனப் பார்த்துச் சொல்லலாம். தவறு நேர்ந்தால் நேரட்டும். மதிப்பெண் எதுவும் குறையாத அந்த ஒரு பிற்பகலில்தான் அது நேர வேண்டும். ஆங்கிலத்தில் தோன்றும் பிழைச்செய்திகளில் அடிக்கடி வரும் பத்துப் பன்னிரண்டைத் தமிழ் விளக்கத்தோடு சுவரில் ஒட்டிவைத்தாலே, இணைப்புக் கோளாற்றுக்கும் அளவு மிகுதிக்கும் உள்ள வேறுபாடு விளங்கிவிடும்.

அன்று மாலை ஊர் திரும்பும் மாணவர் கம்பம் பேருந்து நிலையத்தில் இறங்கி, முன்பு விண்ணப்பம் இட்ட அதே கடைக்குச் செல்ல வேண்டியிருக்கும். பழைய கணக்கு ஒன்றில் இன்னும் கடைக்காரரின் எண்ணே மீட்பு எண்ணாக உள்ளது. அவரது கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்கங்களைக் கேட்டு இட்டு, அந்த இடத்தில் தம் எண்ணைப் பதிந்துகொள்ள இரண்டு நிமிடங்கள் ஆகும்.